வெள்ளைக்காரன் கோயிலுக்குள் உன் அம்மா

தம்பி,

நீ மாப்பிள்ளை ஆவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீ கேட்பதைவிட என் வாயால் கேட்டால் மானம் கொஞ்சம் மிஞ்சும். உன் அப்பன் தனக்குத்தானே ஞானஸ்நானம் செய்துகொண்டவன். நெற்றி நிறைய விபூதியோடு, உன் வருங்கால மாமனார் கண்ணெதிரே, நீ மாலையும் கழுத்துமாக நிற்கப்போகிற அதே கோயிலில். எண்பத்தெட்டாம் வருஷம், மழைக்காலம். நீ அப்போது டவுசர் போட மறுத்துக்கொண்டிருந்த வயசு. ஊர்வலமும் துப்பாக்கிச் சூடுமாக ரங்கூனே கொதித்துக் கிடந்தது. வாடகை நாற்காலிகளைச் சைக்கா வண்டியில் ஏற்றி மிதித்துக்கொண்டு நான் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். எதிரே ஒரு கூட்டம் ஓடி வந்தது. எல்லாரும் ஓடுகிறார்களே என்று நானும் சைக்காவை விட்டுவிட்டு ஓடினேன். ஒரு இரும்புக் கேட் திறந்திருந்தது, புகுந்தேன். ஒரு பெரிய கதவு திறந்திருந்தது, அதிலும் புகுந்தேன். உள்ளே இருட்டு, உயரம், ஒரு சத்தமில்லை. கதவை ஒட்டி இடுப்பளவு பீடத்தின்மேல் எட்டுப் பட்டை வைத்துச் செதுக்கின கல்தொட்டி, அதில் தளும்பத் தளும்பத் தண்ணீர். சாமி இருக்கிற இடம், வாசலில் தண்ணீர் வைத்திருக்கிறார்கள், நமக்கோ உயிர்ப்பயம். நான் என்ன செய்வேன். தொட்டியை மூன்று சுற்றுச் சுற்றி, கை குவித்து மூன்று மடக்கு குடித்து, மிச்சத்தைத் தலையில் தெளித்துக்கொண்டு "சிவசிவா" என்றேன்.

"என்னப்பா, நீயே பண்ணிக்கிறியா, இல்ல நான் வரட்டுமா?" என்று பின்னாலிருந்து தமிழில் ஒரு குரல் கேட்டது. திரும்பினால் வெள்ளை அங்கி போட்ட இளவயசுப் பாதிரியார், கையில் வாளி. உன் மாமனாரை நான் முதன்முதலில் பார்த்தது அப்படித்தான். "அது தீர்த்தம் இல்லப்பா. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற தொட்டி. சாதாரணமா காஞ்சுதான் கிடக்கும். நேர் மேல கூரை ஒழுகுது, அதான் மூடியை எடுத்து வச்சிருக்கேன்" என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "மேல வௌவால் குடியிருக்கு" என்றார். அன்றைக்கு என் வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கட்டடத்தின்மேல் எனக்கு மரியாதை வந்ததே அதனால்தான். தெரு அடங்குகிறவரைக்கும் என்னை உள்ளேயே வைத்திருந்தார். பொழுது போகவேண்டுமே என்று ஒவ்வொரு தூணாகக் காட்டினார். நான் பேசாமல் பின்னாலேயே நடந்தேன். நான் பேசாமல் நடந்த நாள் என் ஆயுசில் அது ஒன்றுதான் என்று உன் அம்மா சொல்வாள்.

அம்மா என்றதும் ஞாபகம் வருகிறது. ஞாபகம் என்ன, ஒரு மாதமாக எனக்கு வேறு நினைப்பே இல்லை. நீ சிங்கப்பூரிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம் "எல்லாம் சரியாப் போயிட்டிருக்கு" என்றேனே, அது பச்சைப் பொய். பாதிரியார் பெண் கிரேஸை உன் அம்மாவுக்குப் பிடிக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். அவள் கன்னத்தில் தனாக்கா மரப்பட்டை அரைத்துப் பூசிக்கொண்டு வந்து நின்றால் "மூக்கும் முழியுமா எப்படி இருக்கா பாருங்க" என்று என்னிடம் கிசுகிசுப்பாள். காலையில் நம் அம்மன் கோயிலில் தாலி, அப்புறம் அவர்கள் கோயிலில் மோதிரம் என்று ஏற்பாடு. தை பிறந்த பின்னால், அவர்களுடைய நோன்புக்காலம் தொடங்குவதற்கு முன்னால் என்று தேதி பார்த்ததும் அவளேதான். ஆனால் அழைப்பிதழ் அச்சுக்குப் போன அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "அம்மன் கோயில்ல கண்குளிரப் பாத்துடுவேன். அங்க மோதிரம் போடுறப்ப நான் கேட்டுக்கு வெளிய கார்ல உக்காந்திருக்கேன்." ஏன் என்று கேட்டேன். "அந்தச் செவுரு பூரா செத்தவங்க பேரு. பொணம் பொதைச்ச எடத்துல எம்பிள்ளை மாலை போட்டு நிக்கிறத நான் பாக்க மாட்டேன். நீங்க போயிட்டு வாங்க."

ஒரு கிறிஸ்துமஸுக்கு நாம் நாற்காலி இறக்கப் போனபோது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறாள். சுவரில் வரிசையாகப் பளிங்குப் பலகைகள், எழுத்துகள், மண்டையோடு போட்ட ஒன்றுகூட. அன்றிலிருந்து மனசில் வைத்திருக்கிறாள். இதிலே சங்கடம் என்னவென்றால் கிரேஸுக்கு அம்மா இல்லை. முதல் பெஞ்சில் இரண்டு பக்கமும் இரண்டு அம்மாக்கள் உட்காருவது அவர்கள் வழக்கம். பெண் பக்கத்துப் பெஞ்சு ஏற்கனவே காலி. பிள்ளை பக்கமும் காலியாகக் கிடந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது இருக்கட்டும், அந்தப் பெண் என்ன நினைக்கும். ஒரு நாள் என்னிடம் வந்து கேட்டது, "அத்தை வருவாங்கல்ல?" முழுக்கப் பர்மிய பாஷையில்தான் கேட்டது, "அத்தை" மட்டும் தமிழ். அந்த ஒரு சொல்லில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயம் உரிக்கிறேன் என்று சமாளித்தேன். நாங்கள் நின்றதோ நாற்காலிக் கிடங்கில்.

சரி, உன் அம்மாவை எப்படி உள்ளே கொண்டுபோவது? எனக்குத் தெரிந்த ஒரே வழி பேச்சு. கோயிலைப் பற்றிப் பேச என்னைவிட்டால் ரங்கூனில் ஆள் கிடையாது என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்புக்கும் காரணம் உண்டு. எண்பத்தெட்டுக்கு அப்புறம் அவர்களுடைய விசேஷம் எல்லாவற்றுக்கும் நாற்காலி நம்முடையதுதான். பெஞ்சுகளில் பாதியை ஜப்பான்காரன் சண்டைக் காலத்தில் யாரோ விறகாக எரித்துவிட்டார்கள், மீதியில் பாதியைக் கரையான் முடித்துவிட்டது. லத்தாத் தெருவில் சீனன் கடையில் பேரம் பேசி வாங்கின நம் பச்சை நாற்காலிதான் அங்கே சாமி கும்பிடுகிற இடம். நாற்காலியை இறக்கிவிட்டு, விசேஷம் முடிகிறவரை நான் எங்கே போவது? அங்கேயே சுற்றுவேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவேன், அது நம் பழக்கம். பாதிரியார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், "இங்க போட்டுக்கிட்டே வரலாம்பா" என்று. மனசு வரவில்லை. வெறுங்காலோடு நடந்து நடந்து அந்தத் தரையின் ஒவ்வொரு கல்லும் என் காலுக்குப் பழக்கமாகிவிட்டது.

தம்பி, அந்தக் கட்டடம் ஒரு வேடிக்கை. நீ அதைக் கிரேஸ் இருக்கிற திசையைத் தவிர வேறு திசையில் பார்த்ததில்லை, ஆகையால் சொல்கிறேன். எங்கேயோ இங்கிலாந்துக் கிராமத்தில் கட்டவேண்டிய கோயிலுக்கு ஒரு வெள்ளைக்காரன் அங்கேயே உட்கார்ந்து படம் வரைந்து கப்பலில் அனுப்பிவிட்டான். பனி வழுக்கி விழட்டும் என்று கூரையைச் செங்குத்தாகப் போட்டான். இங்கே பனி ஏது? ஆனால் நம் ஆனி ஆடி மழைக்கு அதே கூரை என்ன அழகாகப் பொருந்துகிறது தெரியுமா, தண்ணீர் நிற்க நேரமில்லாமல் ஓடுகிறது. கோபுரத்தின் உச்சியைச் சுற்றிக் கோட்டைச் சுவர் மாதிரிப் பல் பல்லாக வைத்திருக்கிறான். எந்த எதிரி வருவான் என்று கேட்காதே. அவன் ஊரில் அப்படித்தான் கட்டுவார்களாம். ஜன்னல்கள் எல்லாம் ஒடுங்கி, நெடுக, மேலே கூம்பி, கைகூப்பினமாதிரி இருக்கும். அவன் ஊரில் குளிர் உள்ளே வராமல் இருக்க அந்த ஒடுக்கம். இங்கே முதல் வெயில் காலத்திலேயே கும்பிட வந்தவர்கள் மயங்கி விழுந்திருக்கிறார்கள். அப்புறம்தான் இரண்டு பக்கமும் தாழ்வாரம் இறக்கி, சட்டச் சட்டமாகத் திறக்கிற மரக் கதவு போட்டு, சுவரில் காற்றுக்கு ஓட்டை வைத்து, அந்த இங்கிலீஷ் கோயிலுக்கு ஒருவழியாக மூச்சு விடக் கற்றுக்கொடுத்தார்கள்.

கட்டினவன் யார்? செங்கல் அடுக்கினவர்களும் சுண்ணாம்பு குழைத்தவர்களும் நம் தமிழ்நாட்டுக் கடற்கரையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். தேக்கு இந்த ஊருடையது. கூரைக்குச் சட்டம் கோத்தவர்கள் சீனத் தச்சர்கள். படத்தில் இருந்தபடி உத்தரத்தின் முனையில் தேவதூதன் தலையைச் செதுக்கச் சொல்லியிருக்கிறான் வெள்ளைக்காரன். அவர்கள் தேவதூதனை எங்கே கண்டார்கள், தங்களுக்குக் கைவந்த மேகச் சுருளைச் செதுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அண்ணாந்து பார், லத்தாவில் ஊதுவத்தி மணக்கிற சீனக் கோயிலின் கூரை முனையில் இருக்கிற அதே சுருள். சண்டைக் காலத்தில் உள்ளே மூட்டை மூட்டையாக உப்பு அடுக்கி வைத்திருந்தார்களாம். அந்த உப்பைச் சுவர் குடித்துவிட்டது. இன்றைக்கும் மழைக்காலம் வந்தால் பிரசங்க மேடைக்குப் பக்கத்துச் செங்கல் வெள்ளையாகப் பூக்கும். நான் நக்கிப் பார்த்திருக்கிறேன். உப்புதான்.

இவ்வளவும் உன் மாமனார் சொல்லியும் நானே பார்த்தும் தெரிந்துகொண்டது. இதில் என் சரக்கு ஒன்றே ஒன்று, மணி. தொண்ணூறுகளின் கடைசியில் வெளிநாட்டுக்காரர்கள் காமிராவோடு வர ஆரம்பித்தபோது, பாதிரியார் இல்லாத நேரம் பார்த்து நான் வழிகாட்டியாகிவிடுவேன். ஒரு வயசான இங்கிலீஷ் தம்பதி மணியைப் பற்றிக் கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்ல என் வாய்க்கு வராது. "ஒரு மகாராணி தன் கழுத்து நகையைக் கழற்றி, மணிக்கு உலோகம் உருக்குகிற பாத்திரத்தில் போட்டாள், அதனால்தான் இந்த இனிமை" என்றேன். அந்த அம்மாள் எழுதிக்கொண்டாள். சில வருஷம் கழித்து இன்னொருவன் ஏதோ பயணப் புத்தகத்தோடு வந்து அதையே பாதிரியாரிடம் படித்துக் காட்டியிருக்கிறான். அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் உன் மாமனார், ராணி நகையைக் கொடுத்தாளே நீங்கள் என்ன கொடுத்தீர்கள் என்று சபையைக் கேட்டார். காணிக்கைத் தட்டு நிரம்பி வழிந்தது. நான் பின்வரிசையில் நாற்காலியோடு நாற்காலியாக உட்கார்ந்திருந்தேன். பொய் சொல்வதாக இருந்தால் உள்ளூர்க்காரனிடம் சொல்லு தம்பி, அவன் மறந்துவிடுவான். வெளியூர்க்காரன் அச்சடித்துத் திருப்பி அனுப்புவான்.

இந்தப் பெருமையை உன் அம்மாவிடம் வேறு சொல்லித் தொலைத்தேன். அதனால் இப்போது நான் வாய் திறந்தாலே "மணியைப் பத்திச் சொன்ன வாய்தானே" என்று முடித்துவிடுகிறாள். ஆனாலும் விடவில்லை. அவள் ரசத்துக்குத் தாளிக்கிற நேரம் பார்த்து அடுப்படி வாசலில் நின்று ஆரம்பிப்பேன். "இந்தா பாரு, கோபுரம் நமக்கும் உண்டு அவங்களுக்கும் உண்டு. உள்ளே போனா நீளமா ஒரு கூடம், அது நம்ம மகாமண்டபம். அதுக்கப்புறம் ரெண்டு படி ஏறினா பாட்டுக்காரங்க உக்கார்ற எடம், அது அர்த்தமண்டபம். கடைசியில ஒரு கம்பித் தடுப்பு, அதுக்கு அந்தப் பக்கம் பாதிரியார் மட்டும்தான் போவாரு. அது கர்ப்பக்கிருகம். நம்ம சாமி கிழக்கே பாத்து உக்காந்திருக்கும். அங்க கும்பிடுறவங்க கிழக்கே பாப்பாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்." கடுகு வெடித்து அடங்குகிறவரை பொறுமையாகக் கேட்டாள். அப்புறம், "எல்லாம் நம்ம கோயில் மாதிரியே இருக்குன்னா நம்ம கோயிலோடவே நிறுத்திக்கலாமே. எதுக்கு ரெண்டு தடவை" என்றாள். அன்றைக்கு ரசம் உறைப்பு.

பிணம் விஷயத்துக்கு வருவோம் என்று பாதிரியாரிடமே போனேன். "சம்பந்தி, உண்மையைச் சொல்லுங்க. கோயிலுக்குள்ள யாரையாவது பொதைச்சிருக்கா?" என்று கேட்டேன். "உள்ளே ஒருத்தரும் இல்ல. பலகையில பேருதான். உடம்பெல்லாம் ஊருக்கு வெளிய கல்லறைத் தோட்டத்துல" என்றார். இருவருமாகப் பலகைகளைப் படித்தோம். ஆற்றில் கப்பல் ஓட்டி மூழ்கின ஒருத்தன், காய்ச்சலில் போன சிப்பாய்கள், பிள்ளை பெற்றுச் செத்த சின்னப் பெண் ஒருத்தி. அவளுக்குக் கிரேஸைவிட வயசு குறைவு.  இதையெல்லாம் அம்மாவிடம் போய்ச் சொன்னால் அவள் இன்னும் தள்ளித்தான் காரை நிறுத்தச் சொல்லுவாள். பேசாமல் வெளியே போகலாம் என்று திரும்பும்போதுதான் என் காலுக்கு ஞாபகம் வந்தது. தடுப்புக் கம்பிக்கு முன்னால், நீயும் கிரேஸும் முழங்கால் போடப்போகிற இடத்துக்கு நேராக, ஒரு பெரிய சதுரக் கல் உண்டு. அதன்மேல் குதிகாலை வைத்தால் டொக்கென்று ஒரு சத்தம் வரும். உள்ளே வெறுமையாக இருக்கிற சத்தம். வருஷக்கணக்காக அது எனக்குத் தெரியும். கீழே புதையல் இருக்கிறது என்று வெளிநாட்டுக்காரர்களிடம் சொல்லிக்கூட இருக்கிறேன். அன்றைக்கு அதே சத்தம் எனக்குப் பிணப்பெட்டிச் சத்தமாகக் கேட்டது. பாதிரியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து தட்டிப் பார்த்தார். இன்னொரு தரம் தட்டினார். "இது எனக்கே தெரியாதே சம்பந்தி" என்றார். 

வீட்டுக்கு வந்து நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் தப்பு. "என்ன, இப்படி அமைதியா இருக்கீங்க? என்ன பண்ணிட்டு வந்தீங்க?" என்று பிடித்துக்கொண்டாள். சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று பார்த்தேன். கண் இரண்டும் பளபளவென்று ஆகிவிட்டது. "தோண்டுங்க" என்றாள். "நாளைக்கே. நானும் வாறேன். உங்க ரெண்டு பேர்ல யார் சொன்னாலும் நம்ப மாட்டேன், என் கண்ணால பாக்கணும்." அங்கே கால் வைக்கமாட்டேன் என்றாயே என்று கேட்க நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டேன். தம்பி, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் புத்திசாலித்தனமாகச் செய்த ஒரே காரியம் அந்த நிமிஷம் வாயை மூடிக்கொண்டதுதான்.

மறுநாள் காலை நான், பாதிரியார், நம் நாற்காலி ஏற்றுகிற கோ துன் மூன்று பேரும் கடப்பாரையோடு நின்றோம். கோ துன் கடப்பாரையைத் தொடுவதற்கு முன்னால் வாழைப்பழச் சீப்பை வைத்து, கல்லைப் பார்த்து, "உள்ளே இருக்கிற பெரியவரே, நான் கூலிக்காரன், சொன்னதைச் செய்கிறேன், கோபம் வந்தால் இவர்கள் இரண்டு பேரையும் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று பர்மிய பாஷையில் வேண்டிக்கொண்டான். உன் மாமனாருக்கு அதைத் தடுப்பதா, தானும் சேர்ந்துகொள்வதா என்று முகத்தில் தடுமாற்றம். உன் அம்மா தாழ்வாரத்தில், மரக் கதவுச் சட்டத்துக்கு வெளியே நின்றாள். உள்ளே வரவில்லை. சுவரில் கை வைத்துத் தடவிக்கொண்டிருந்தவள், "இது என்ன ஓட்டை?" என்று கேட்டாள். அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். நான் ராணி கீணி ஒன்றும் சேர்க்காமல் உள்ளதைச் சொன்னேன். "உள்ளே உத்தரத்துல பெரிய துணி விசிறி தொங்கும். அதுல கட்டின கயிறு இந்த ஓட்டை வழியா வெளிய வரும். நீ நிக்கிற எடத்துல நம்மாளு ஒருத்தன் உக்காந்து இழுத்துக்கிட்டே இருப்பான். உள்ளே வெள்ளைக்காரன் பிரசங்கம் கேட்டுக்கிட்டே தூங்குவான்." கல்லில் கயிறு அறுத்த தடம் பள்ளமாக இருக்கிறது. அதில் விரலை வைத்து முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கல் அசைந்தது. கோ துன் ஒரு பக்கம் தூக்க, நான் கட்டையைச் செருக, இடைவெளியிலிருந்து சில்லென்று ஒரு காற்று வந்தது. "என்ன இருக்கு?" என்று வெளியிலிருந்து சத்தம் போட்டாள். "இருட்டா இருக்கு" என்றேன். "பெட்டி இருக்கா?" "தெரியலை." "டார்ச் அடிச்சுப் பாருங்க." "டார்ச் உன் பையிலதான இருக்கு."  அப்புறம் வெளியிலிருந்து அவள் குரல் கேட்டது, சத்தமாகக்கூட இல்லை, தனக்குள் சொல்லிக்கொள்கிறமாதிரி: "நம்மாளு வெளிய உக்காந்து காத்து இழுத்ததெல்லாம் போதும்." விறுவிறுவென்று வந்தாள். மகாமண்டபம், அர்த்தமண்டபம் ஒன்றையும் பார்க்கவில்லை. நேராக வந்து கல்லுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, பட்டுப் புடவை தரையில் புரள, குழிக்குள் தலையை நீட்டி டார்ச் அடித்தாள். பாதிரியார் என்னைப் பார்த்தார். நான் கூரையிலிருக்கிற சீனச் சுருளைப் பார்த்தேன்.

தம்பி, கிணறு. வட்டமாக, கழுத்துவரை செங்கல் அடுக்கின கிணறு. உள்ளே தண்ணீர், டார்ச் வெளிச்சம் பட்டு ஆடுகிறது. அந்த ஆட்டம் அவள் முகத்தில் ஆடியதை நீ பார்த்திருக்கவேண்டும். செங்கல்லின் அளவைப் பார்த்ததும் பாதிரியாருக்குப் புரிந்துவிட்டது. கோயில் சுவரில் இருக்கிற அதே செங்கல். சுண்ணாம்பு குழைக்கத் தண்ணீர் வேண்டும், அவ்வளவு தண்ணீரை எங்கிருந்து சுமப்பது? மற்றதற்கெல்லாம் முன்னால் நடுவில் ஒரு கிணறு தோண்டியிருக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்துக் குழைத்துச் சுற்றிலும் கோயிலை எழுப்பி, வேலை முடிந்ததும் மேலே கல்லைப் போட்டு மூடிவிட்டுப் போய்விட்டார்கள். அந்தச் சுவர் முழுக்க இந்தத் தண்ணீர்தான் காய்ந்து நிற்கிறது. நூறு வருஷத்துக்கு மேலாக வெள்ளைக்காரனும், சண்டைக்காரனும், உப்பு மூட்டையும், நானும் அதன்மேல் நடந்திருக்கிறோம், ஒருத்தருக்கும் தெரியவில்லை.  

"பொணம் இல்ல. தண்ணி" என்றாள் உன் அம்மா, எழுந்திருக்காமலே. அப்புறம் கோ துன்னைக் கயிறும் செம்பும் கொண்டுவரச் சொன்னாள். செம்பில் மொண்டு எடுத்தாள். குடித்துவிடுவாளோ என்று நான் பயந்தேன், நம் குடும்பத்தில் ஒருத்தர் போதாதா. குடிக்கவில்லை. முகர்ந்து பார்த்தாள், கையில் ஊற்றிப் பார்த்தாள். "சம்பந்தி, கல்யாணத்தன்னிக்குப் பூச்சாடிக்கெல்லாம் இந்தத் தண்ணியை ஊத்தலாமா?" என்று கேட்டாள். உன் மாமனார் தாராளமாக என்றார். "அப்புறம் அந்தக் கல்லை ஒழுங்கா இறுக்கிப் போடச் சொல்லுங்க. எம்பிள்ளை சிங்கப்பூர் போயி ஒரு சுத்து பெருத்துட்டான்." அவள் எந்தப் பெஞ்சில் உட்காருவது என்று பாதிரியார் காட்டினார். போய் உட்கார்ந்து பார்த்தாள். பெஞ்சு ஆடுகிறது என்றாள். பச்சை நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். கிரேஸுக்கு அன்று சாயங்காலமே விஷயம் போய்விட்டது; யார் சொன்னது என்று கேட்காதே.

இப்போது உனக்குப் புத்தி சொல்ல வேண்டிய இடம். அப்பன் கடிதத்தில் புத்தி இல்லாவிட்டால் தபால்காரன்கூட மதிக்கமாட்டான். கல்யாணமான புதிதில் நான் உன் அம்மாவைத் தங்கப் பகோடா புத்தர் கோயிலுக்குக் கூட்டிப்போய், எந்தக் கிழமையில் பிறந்தவர்கள் எந்த மூலையில் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று ஒரு முழு மாலை விளக்கம் சொன்னேன். எல்லாம் கேட்டுக்கொண்டாள். வீடு திரும்பும்போது சொன்னாள், அந்தப் படிக்கட்டின் அடியில்தான் அவள் அப்பாவின் பூக்கடை, அவள் தவழ்ந்ததே அங்கேதானாம். "ஏன் முதல்லயே சொல்லலை?" என்று கேட்டேன். "நீங்க எங்க விட்டீங்க" என்றாள். அதற்கப்புறமும் நான் திருந்தவில்லை, அது வேறு கதை. நீ கிரேஸுக்கு விளக்கம் சொல்லாதே. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் பழகு. எனக்கு அது வராமல் போய், ஒரு மகாராணியின் நகையை இழுத்துவிட்டேன். கோபமாக இருக்கிறாள் என்று தெரிந்தால் எதையாவது தோண்டிவைத்துவிட்டுச் சும்மா நில், வந்து பார்ப்பாள். அவள் வீட்டுக் கோயிலில் எது எதற்கு என்று புரியாவிட்டால் கேட்டுவிடு, நீயாக ஒன்றை நினைத்துக்கொண்டு குடித்துவிடாதே. அவளும் நம் அம்மன் கோயிலில் முழிப்பாள், பக்கத்தில் நில். அதற்குமேல் எனக்குத் தெரிந்தது ஒன்றும் இல்லை. மிங்கலாடோன் விமான நிலையத்துக்கு உன்னை அழைக்க நானும் அம்மாவும் வருவோம். கிணற்றைப் பற்றி அவளே சொல்லட்டும், முதல் தடவை கேட்கிறமாதிரி முகத்தை வைத்துக்கொள்.

கல்லைத் திரும்பப் போட்டு முடித்ததும் எல்லாருக்கும் களைப்பு. பாதிரியார் வீட்டிலிருந்து டீ வந்தது. உன் அம்மா வாசல்படியில் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு கோப்பை குடித்து, "இந்தக் கல்லு என்ன குளுமையா இருக்கு, வீட்டுக்கு ஒண்ணு கிடைக்குமா" என்று தடவிக் கொடுத்தாள். அவள் கோ துன்னோடு சைக்காவில் ஏறிப் போன பிறகு உன் மாமனார் என்னைத் தள்ளிக் கூப்பிட்டு, "நான் பொய் சொல்லலை சம்பந்தி. கோயிலுக்குள்ள யாருமில்லைன்னுதான் சொன்னேன். வாசல்படி வெளிய சேர்ந்தது" என்றார். வருகிறவர்கள் எல்லாரும் தன்னை மிதித்து உள்ளே போகட்டும் என்று கேட்டுக்கொண்டாராம். இந்தக் கோயிலின் முதல் பாதிரியார் அந்தக் கல்லுக்குக் கீழேதான் படுத்திருக்கிறார்.